பெட்டிக்குள் யார் வீடு?

தொலைக்காட்சியில் தலித்துகளைக் காட்டுவதில்லை என்பது ஒரு குற்றச்சாட்டு. காட்டினாலும் கேவலமாகக் காட்டுகிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை, இரண்டையும் சொல்லிச் சொல்லி நமக்கு வாய் வலித்ததும் உண்மை. ஆனால் இந்த இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒரு கேள்வி கிடக்கிறது, அதை நாம் அதிகம் தோண்டவில்லை. காட்டுகிறவன் யாரை மனசில் வைத்துக்கொண்டு காட்டுகிறான்? பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று நினைத்துக் கேமராவைத் திருப்புகிறான்? தலித்தைக் காட்டும்போதுகூட, பார்க்கிறவர் தலித் இல்லை என்ற முன்முடிவோடுதான் காட்டப்படுகிறது என்று நான் சொல்கிறேன். இதை ரசனைக் கோளாறு என்று ஒதுக்க முடியாது. ஒருத்தன் முன்னால் நிற்கும்போதே, அவன் அங்கே இல்லாதது மாதிரி அவனைப் பற்றி இன்னொருத்தனிடம் பேசுவது எங்கள் பக்கத்துத் திண்ணைகளில் நூற்றாண்டுகளாக நடந்தது. திண்ணை போய் ஸ்டுடியோ வந்திருக்கிறது.

எங்கள் ஊர் அச்சன்புதூர். தென்காசிக்குப் பக்கம், குற்றாலத்துச் சாரல் எட்டிப்பார்க்கிற தூரம். எங்கள் தெருவுக்கு ஊரார் வைத்த பெயர் காலனி. (அரசு ஆவணங்களிலிருந்து இந்தச் சொல்லை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். வாயிலிருந்து எப்போது நீங்கும் என்பதற்கு அறிவிப்பு எதுவும் இல்லை.) 2006-இல் தொடங்கிய இலவசக் கலர் டி.வி. திட்டத்தில் தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடிப் பெட்டிகளுக்கு மேல் கொடுத்தார்கள். எங்கள் தெருவிலும் வீட்டுக்கு ஒன்று வந்தது. பதினாலு இஞ்ச். ஊர்த்தெருவில் இருக்கும் பெட்டியும் அதே, எங்கள் தெருவில் இருக்கும் பெட்டியும் அதே. இரட்டைக் கிளாஸ் பார்த்த ஜனத்துக்கு ஒரே பெட்டி என்பது சாதாரணக் காரியம் இல்லை, அதை நான் கேலி பேச மாட்டேன். அதற்கு முன்னால் யார் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தோம் என்பது அவரவர்க்குத் தெரியும்.

ஆனால் பெட்டிக்குள் இருந்த வீடு? சன் டி.வி. 1993 ஏப்ரல் 14-இல் தொடங்கியது. (அம்பேத்கர் பிறந்த நாள். ஆனால் அவர்கள் பார்த்தது தமிழ்ப் புத்தாண்டை.) பிறகு 'சித்தி', 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' என்று வருஷக்கணக்கில் ஓடிய தொடர்கள். எங்கள் தெருப் பெண்கள் மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு, கை ஒரு பக்கம் இலையைச் சுருட்ட, கண் ஒரு பக்கம் இதைப் பார்க்க, கதையோடு கதையாக அழுதார்கள், சாபம் விட்டார்கள். தொடரில் வருகிற வீட்டுக்கு நடுக்கூடம் இருக்கும். மாடிப்படி இருக்கும். பூஜையறை இருக்கும். பெரியவர் ஒருத்தர் நாற்காலியில் சாய்ந்தபடி குடும்ப கௌரவத்தைப் பற்றிப் பேசுவார். அந்த வீட்டுக்குள் நம்மைப் போன்ற சாயலில் யாராவது வந்தால் துடைப்பத்தோடு வருவார், அல்லது அரிவாளோடு வருவார், இல்லையென்றால் சிரிப்புக் காட்ட வருவார். வந்த வேலை முடிந்ததும் போய்விடுவார். அவர் எங்கே போகிறார், போய் என்ன சாப்பிடுகிறார், அவர் பொண்டாட்டி அவரிடம் என்ன சண்டை போடுகிறாள் என்று கேமரா பின்னாலேயே போனதில்லை. பெரியம்மை ஒருத்தி ஒருநாள் சொன்னாள்: “எல்லா வீட்டுக்குள்ளயும் போறாம். நம்ம வீட்டு வாசப்படிய மட்டும் தாண்ட மாட்டேங்கான்.” எந்த ஊடக ஆய்வாளரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லி நான் வாசித்ததில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும், எப்போதும் வரும். “தொடரில் யாருடைய சாதியையும் சொல்வதில்லையே, நீங்களாக ஏன் சாதி தேடுகிறீர்கள்?” வாஸ்தவம், சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் இருக்கிறது என்பதுதான் சங்கதி. நடுக்கூடத்துப் படம், சாப்பாட்டு மேஜையில் வைக்கும் பதார்த்தம், கல்யாணப் பேச்சில் வரும் “நம்ம ஆளுங்க”, குலதெய்வக் கோயிலில் கட்டும் பரிவட்டம் எல்லாமே பேசிவிடுகின்றன. பெயர் சொல்லாத சாதியை நாம் ‘பொது’ என்று பழகிக்கொள்ளும்படி ஆகிவிட்டது. அந்தப் பொதுவுக்குள் அடங்காதவன் சாதிக்காரன் ஆகிவிடுகிறான். ஆகவே தலித் குடும்பம் ஒன்றைத் தொடரின் நடுவில் வைத்தால் அது ‘சாதிக் கதை’. மற்றவர் குடும்பத்தை வைத்தால் ‘குடும்பக் கதை’. இந்தப் பெயர் சூட்டலை யாரும் சதி செய்து கட்டமைக்கவில்லை. அவ்வளவு சகஜமாக இருக்கிறது என்பதே அதன் வலிமை.

இந்தப் பெட்டி நம் வீட்டில் இருப்பதையே பொறுக்காதவர்கள் உண்டு என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். 1995 ஆகஸ்ட் 31-இல் ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கொடியன்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீஸார் புகுந்தார்கள். ஆட்களை அடித்ததோடு நிற்கவில்லை. டி.வி.க்களை உடைத்தார்கள், மின்விசிறியை, டேப் ரிக்கார்டரை, தையல் மெஷினை உடைத்தார்கள். படித்த பையன்களின் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டுகளையும் கொளுத்தினார்கள். தேடி வந்தது குற்றவாளிகளை என்றால் டி.வி. என்ன குற்றம் செய்தது? வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்து, காரை வீடு கட்டி, பெட்டி வாங்கி வைத்து, அதன் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற பள்ளன் என்கிற அந்தக் காட்சிதான் பொறுக்கவில்லை. உட்கார்ந்து பார்க்கிறவனாக நாம் இருப்பது ஒரு அரசியல் சம்பவம் என்று நமக்குப் புரிவதற்கு முன்பே அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்தவர்களின் வம்சம் — மெக்சிகோக்காரர், போர்ட்டோ ரிக்கோக்காரர், கியூபாக்காரர் என்று பல தரப்பு — ஹிஸ்பானியர் என்ற ஒரே பெயருக்குள் வருகிறார்கள். 2020 கணக்கெடுப்பில் அந்த நாட்டு ஜனத்தொகையில் 18.7 சதவீதம். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் 20 சதவீதம். ஏறக்குறைய ஒரே அளவு, ஐந்தில் ஒருத்தர். அவர்களுக்கும் டி.வி.யில் கிடைத்தது தோட்டக்காரன், வேலைக்காரி, போதை மருந்து கடத்துகிறவன். 1967-இலிருந்து 1971 வரை ஒரு நொறுக்குத்தீனி விளம்பரம் ஓடியது: பெரிய தொப்பி, மீசை, இடுப்பில் துப்பாக்கி, அடுத்தவன் தின்பண்டத்தைத் திருடுகிற மெக்சிகோக் கொள்ளையன். சனங்கள் போராடித்தான் அதை நிறுத்தினார்கள். 1999-இல் நான்கு பெரிய சேனல்களும் அறிவித்த 26 புதுத் தொடர்களில் ஒன்றில்கூட வெள்ளையர் அல்லாதவர் நாயகராக இல்லை என்று கறுப்பர் அமைப்பு குரல் எழுப்பியது. அந்த செப்டம்பரில் ஹிஸ்பானிய அமைப்புகள் டி.வி.யை அணைத்து வையுங்கள் என்று தங்கள் மக்களைக் கேட்டுக்கொண்டன. பார்க்கிறவனாக இருப்பது ஒரு பலம், அதை எடுத்துவிட்டால் அவனுக்கு வலிக்கும் என்று கண்டுகொண்டார்கள்.

ஆனால் அதே 1999-இல் இன்னொன்று நடந்தது. ஸ்பீடி கான்சாலஸ் என்று ஒரு கார்ட்டூன் எலி. மெக்சிகோ எலி, கொச்சை ஆங்கிலம், மின்னல் வேகம். அது அந்த மக்களை இழிவுபடுத்துகிறது என்று கருதி கார்ட்டூன் சேனல் அதை ஒளிபரப்பாமல் நிறுத்தியது. யார் மனம் புண்படும் என்று நிறுத்தினார்களோ அவர்களில் பலபேர், “எங்கள் எலியைத் திருப்பிக் கொடு” என்று கேட்டார்கள். 2002-இல் திரும்பி வந்தது. ஏன் கேட்டார்கள்? அந்த எலி எப்போதும் ஜெயித்தது, பூனையை ஏமாற்றியது. முழுப் பட்டினியில் கிடக்கிறவனுக்கு எச்சில் சோறும் சோறுதான் என்று வேண்டுமானால் நாம் வியாக்கியானம் செய்யலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் தெருவில் கவுண்டமணி, செந்தில், வடிவேலு காமெடிக்கு விழுந்து விழுந்து சிரித்தவர்கள் புத்தி கெட்டவர்கள் இல்லை. அடி வாங்குகிறவன் வாயைத் திறந்து எதிர்த்துப் பேசுகிற அரை நிமிஷத்துக்காகக் காத்திருந்து சிரித்தார்கள். ஆதிக்கம் தயாரித்த பிம்பத்திலிருந்தும் தனக்கு வேண்டியதைப் பிய்த்து எடுத்துக்கொள்ள நம் ஜனத்துக்குத் தெரியும். அதற்காக, தயாரித்தவனின் கணக்கு நேராகிவிடாது.

இதைவிடச் சிக்கலானது ஜலந்தரில் நடந்தது. 1987 ஜனவரியிலிருந்து தூர்தர்ஷன் ராமாயணம் ஓட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு வெறிச்சோடியது என்பார்கள். ராமன் பட்டம் கட்டியதோடு முடித்துக்கொள்ளப் பார்த்தபோது, 1988-இல் ஜலந்தரிலும் வடநாட்டு நகரங்கள் சிலவற்றிலும் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வால்மீகி சமூகத்தார். தங்கள் முன்னோராகக் கும்பிடுகிற வால்மீகி முனிவர் கதைக்குள் வருகிற உத்தரகாண்டத்தையும் காட்டு என்பது கோரிக்கை. குப்பை நாறியது, அரசு இறங்கி வந்தது, தொடர் நீட்டப்பட்டது. நம் பக்கத்துப் பகுத்தறிவாளர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். சம்பளம் கேட்டு நிறுத்தாத வேலையை ராமாயணத்துக்காகவா நிறுத்துவது, அதுவும் சம்பூகனின் தலையை வெட்டிய காண்டத்துக்காக? நியாயமான கேள்வி. எனக்கும் ராமாயணத்தில் இடம் வேண்டாம். ஆனால் அந்தத் தொழிலாளிகள் செய்த ஒரு காரியத்தை நான் விட்டுவிட மாட்டேன். “பார்ப்பவர்களில் நாங்களும் இருக்கிறோம்” என்பதை, மலத்தை அள்ளாமல் போட்டு அரசுக்குத் தெரிவித்தார்கள். என்ன கேட்டார்கள் என்பதில் நமக்குச் சண்டை இருக்கலாம். கேட்கும் உரிமை உண்டு என்று நின்றார்களே, அதில் சண்டை இல்லை.

எங்கள் ஊருக்கு மிகப் பக்கத்தில் நடந்ததற்கு வருகிறேன். இதே தென்காசி வட்டாரத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரி 19 அன்று அங்கே ஏறக்குறைய 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. அப்போது இங்கே யார் வீட்டிலும் டி.வி. இல்லை, சென்னைத் தூர்தர்ஷனுக்கே வயசு ஆறு ஆகவில்லை. ஆனால் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், கேமரா வந்தது, மந்திரிகள் வந்தார்கள், டில்லியிலிருந்து வாஜ்பாய் வந்தார். வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி: எவ்வளவு பணம் வாங்கினீர்கள்? வளைகுடாப் பணம், எண்ணெய்ப் பணம் என்று நாடு முழுக்கத் தலைப்பு ஓடியது. அந்த ஜனங்கள் என்ன சொன்னார்கள்? டீக்கடைக் கிளாஸைச் சொன்னார்கள். பஸ்ஸில் உட்கார முடியாததைச் சொன்னார்கள். மேக்கரைக் கொலை வழக்கைச் சாக்கிட்டுப் போலீஸ் செய்த அட்டூழியத்தைச் சொன்னார்கள். பிற்பாடு பொறுமையாகப் போய் விசாரித்த ஆய்வாளர்களும் தீண்டாமையைத்தான் காரணமாக எழுதினார்கள். ஆனால் ஆய்வுப் புத்தகத்தை யார் படித்தார்?

இதை யோசித்துப் பாருங்கள், தோழர்களே. ஒருத்தன், ‘எனக்கு மரியாதை வேண்டும், அதற்காக மதத்தையே விடுகிறேன்’ என்கிறான். கேட்கிறவன், ‘இவனுக்கு மரியாதை என்று ஒன்று வேண்டியிருக்குமா, காசுதான் வேண்டியிருக்கும்’ என்று எழுதிக்கொள்கிறான். இது பொய்ச் செய்தி என்ற அளவில் முடிகிற விஷயமா? தானாக ஒரு முடிவெடுக்கிற சக்தி இவனுக்கு இருக்கும் என்ற எண்ணமே எழுதுகிறவன் மண்டையில் உதிக்கவில்லை. யாரோ வாங்கினார்கள், இவன் விற்கப்பட்டான். மாட்டைப் பற்றித்தான் அப்படி எழுதுவார்கள். அந்தச் செய்திகளைப் படிக்கிறவர்களில் மீனாட்சிபுரத்துக்காரனும் ஒருத்தன் என்று நினைத்திருந்தால் ஒரு வரியாவது கை தயங்கியிருக்கும். தயங்கவில்லை.

செய்தி எழுதுகிற இடத்தில் நாம் இல்லை என்பது பழைய கதை. 1996-இல் பி.என்.உனியல் என்ற பத்திரிகையாளர் டில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடிக் கிடைக்காமல் அதையே கட்டுரையாக எழுதினார். 2019-இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்ட்ரியும் எடுத்த கணக்கில் ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம். தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றும் இல்லை.

கொஞ்சம் மனச்சாட்சி உள்ளவர்கள் காட்டுவது வேறு மாதிரி. அவர்கள் நம் பிணத்தைக் காட்டுவார்கள். இதைச் சொல்லும்போது நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிணத்தைக் காட்டியாக வேண்டிய நாட்கள் உண்டு. 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தைத் தாமிரபரணிக்குள் விரட்டி அடித்ததில் 17 பேர் செத்தார்கள். அவர்களாகவே ஆற்றில் விழுந்தார்கள் என்று சொல்லவிடாமல் செய்தது அன்று எடுத்த வீடியோ. ஆர்.ஆர்.சீனிவாசன் அதை ஆவணப்படமாக்கினார். 2017-இல் திவ்யபாரதி 'கக்கூஸ்' எடுத்தார். மிரட்டலும் வழக்கும் அவரைத் துரத்தின. இவை சாட்சிகள். சாட்சிக்கும் காட்சிக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம் என்பார்கள், ஆனால் சாட்சி ஒருவரைக் கூண்டில் ஏற்றுகிறது. காட்சி பார்க்கிறவரை உச்சுக்கொட்ட வைத்துவிட்டுத் தூங்க அனுப்புகிறது. ஆமிர் கான் 2012-இல் தீண்டாமையைப் பற்றி ஒரு நிகழ்ச்சி நடத்தினார், நாடே அழுதது. அதில் அம்பேத்கருக்கு உரிய இடம் இல்லை என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. அழுவதற்கு நம் துயரம் வேண்டும். எதிர்த்து நின்றவரின் பெயர் வந்தால் அழுகை நின்றுவிடும். 2021-இல் வந்த 'ஜெய் பீம்' போலீஸ் கொட்டடியைத் துணிந்து காட்டியது, நல்ல காரியம். ஆனால் 1993-இல் உண்மையில் கொல்லப்பட்டவர் குறவர் சமூகத்தவர். படத்தில் இருளர். எல்லாரும் ஒடுக்கப்பட்டவர்தானே, யாராக இருந்தால் என்ன என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஆனால் தன் வீட்டுச் சாவு வேறு பெயரில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற குறவரும் ஒரு பார்வையாளர் அல்லவா?

நல்லவனாகக் காட்டினால் போதுமா என்றால், அதற்கும் நந்தனார் இருக்கிறார். 1935-இல் கே.பி.சுந்தராம்பாள் ஆண் வேஷம் கட்டி நந்தனாராக நடித்தார், அந்தக் காலத்தில் லட்ச ரூபாய் சம்பளம். 1942-இல் ஜெமினியின் நந்தனார், தண்டபாணி தேசிகர் பாட்டு. உருக்கமான படங்கள்தான். நந்தன் எவ்வளவு நல்லவன்! எஜமானைத் திட்டவில்லை, கூலி கேட்கவில்லை, கடைசியில் நெருப்பில் இறங்கிச் சுத்தமானான். நல்ல பறையன் வெந்த பறையன் என்று அர்த்தம். இப்படிப்பட்ட உத்தமனாக என்னைக் காட்ட வேண்டாம், தயவுசெய்து.

சினிமாவில் நிலைமை கொஞ்சம் புரண்டிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. 1992-இல் 'தேவர் மகன்'. வடிவேலு அதில் இசக்கி. பெரிய வீட்டு வேலைக்காரன், கையை இழக்கிறான், அப்போதும் விசுவாசம் குறையவில்லை. தென் மாவட்டத்திலிருந்து போன மாரி செல்வராஜ் 2023-இல் 'மாமன்னன்' எடுத்தபோது அதே வடிவேலுவை எம்.எல்.ஏ. ஆக்கினார், பெரிய மனிதர் முன்னால் உட்காரத் தயங்குகிற அந்த மனுஷனை மகன் நாற்காலியில் உட்கார வைப்பதுதான் படமே. இசக்கி என்ன ஆனான் என்று முப்பது வருஷம் கழித்து ஒருத்தன் பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறான். பா.ரஞ்சித் 'அட்டகத்தி'யில் (2012) ஒரு பையன் காதலித்துத் தோற்று மறுபடி காதலிக்கிறதை எடுத்தார். யாரும் சாகவில்லை, அதுவே அப்போது புதுசாக இருந்தது. ஆனால் சினிமா சம்பந்தமாகவும் ரொம்பக் குதிக்க வேண்டாம். கொடியன்குளத்தை நினைவுபடுத்தும் 'கர்ணன்' 2021-இல் வந்தபோது அதில் 1997 என்று போட்டிருந்தது, 1995-இல் ஆண்டது யார் என்று ஆட்சேபணை கிளம்பி, ‘தொண்ணூறுகளின் பிற்பகுதி’ என்று மாறியது. எங்கள் ரணத்துக்குத் தேதி போடுவதற்கும் இரண்டு கட்சியையும் கேட்க வேண்டும். ஜப்பார் படேலின் 'அம்பேத்கர்' 2000-த்தில் வந்த படம். நீதிமன்றம் வரை போய், 2010 டிசம்பரில்தான் தமிழில் தியேட்டருக்கு வந்தது.

டி.வி.யோ சினிமா அல்ல. சினிமாவுக்கு நாம் போகிறோம். டி.வி. நம் வீட்டுக்குள் வருகிறது, தினசரி வருகிறது, குழந்தை வீட்டுப்பாடம் எழுதும்போது வருகிறது. கர்நாடகத்தில் 2020-இல் அம்பேத்கர் வாழ்க்கைத் தொடரைக் கன்னடத்தில் மொழிமாற்றி ஓட்டினார்கள். கிராமம் கிராமமாக ஜனங்கள் தாங்களே காசு போட்டுப் பேனர் கட்டினார்கள், ஒரு டி.வி. தொடருக்கு! நிறுத்தச் சொல்லி சேனல் பொறுப்பாளருக்கு மிரட்டல் போனது. பேனர் கட்டியவனும் மிரட்டியவனும் ஒரே விஷயத்தைப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண் காட்சித் தொடர்பியல் படித்துவிட்டு, சென்னையில் ஒரு தொடரின் கதை விவாதக் குழுவில் கொஞ்ச நாள் வேலை பார்த்தாள். நாயகியின் தோழி வீட்டில் ஒரு காட்சி. சுவரில் அம்பேத்கர் படம் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். வசனம் கிடையாது, சும்மா சுவரில். எழுதியதை அடித்துவிட்டு, “பொதுவா ஒரு சாமி படம் மாட்டிருவோம்மா. வீட்டுல பாக்குறவங்க சேனலை மாத்திருவாங்க” என்றாராம் அங்கிருந்த பெரியவர் ஒருத்தர். கெட்டவர் இல்லை, சாப்பிட்டாயா என்று தினமும் கேட்கிறவர். “எந்த வீட்டுல சார்?” என்று இவள் கேட்டிருக்கிறாள். கேள்வி அவருக்குப் புரியவில்லை. இவள் விளக்கவும் இல்லை.

அந்த வேலை போய், இப்போது ஊரில்தான் இருக்கிறாள். நோட்டுப் போட்டு ஒரு தொடர் எழுதுகிறாள், நாற்பது எபிசோடு ஆகிவிட்டது. கதை எங்கள் தெருதான். இரண்டு ஓரகத்திகள், பொதுச் சுவரை யார் பக்கம் தள்ளிக் கட்டுவது என்று சண்டை. ஏலச்சீட்டில் ஒருத்தி ஏமாற்றினாளா இல்லையா என்று சந்தேகம். தங்கை மாப்பிள்ளை டீச்சர் வேலை கிடைத்ததும் மாமியார் வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்ல ஆரம்பிக்கிறான். வன்கொடுமை வழக்கு ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. வாய்தாவுக்குப் போக வேண்டிய அன்றைக்குத்தான் ஓரகத்தி மகள் சடங்கு வருகிறது, எதற்குப் போவது என்று வீட்டில் ரகளை. வாசித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள். நான் பாதி வாசிப்பதற்குள் என் மதினி பிடுங்கிக்கொண்டு போய், பீடி சுற்றுகிறதை நிறுத்திவிட்டு ஒரே மூச்சில் படித்துவிட்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றாள். “ஏட்டி, அந்த மூத்தவ நான்தான? என்னைய எதுக்குட்டி இப்படிக் கஞ்சப்பிசினாரியா எழுதி வச்சிருக்க?”

“கதைதான மைனி” என்றாள் இவள்.

“கதையாம் கதை. சரி, அந்தச் செவரு என்னாச்சு? அடுத்த நோட்டக் குடு.”